பிரீடாவைப் பற்றி நீ சொன்னது

அன்புள்ள பாப்பாவுக்கு,

டி.எச். லாரன்ஸ் நாவலைப் படித்த கையோடு அவர் மனைவி பிரீடாவைப் பற்றியும் தேடிப் படித்திருக்கிறாய். "மூணு பிள்ளைகளை விட்டுட்டு ஓடினவம்மா, பிரபு வீட்டுத் திமிர்" என்று போனில் ஒரே போடாகப் போட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பிரபு வீடு என்பது உண்மை. 1879இல், அன்று ஜெர்மனியில் இருந்த மெட்ஸ் நகரில் பிறந்த ரிக்தோஃபன் வம்சத்துப் பெண். ஆனால் அப்பாவுக்குச் சூதாட்டம் உண்டு. வீட்டில் பட்டம் இருந்த அளவுக்குப் பணம் இல்லை. இருபது வயதில் எர்னஸ்ட் வீக்லி என்ற ஆங்கிலேயப் பேராசிரியருக்கு வாழ்க்கைப்பட்டு நாட்டிங்ஹாம் போனாள். 1912இல் அந்த வீட்டுக்கு, வேலை விஷயமாகப் பேராசிரியரைப் பார்க்க வந்த பழைய மாணவர்தான் லாரன்ஸ். சுரங்கத் தொழிலாளியின் மகன், அவளைவிட ஆறு வயது சின்னவர். அந்த மே மாதமே இருவரும் ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார்கள். கடைசிப் பெண் பார்பராவுக்கு அப்போது ஏழு வயசு.

திமிர் என்றாயே, முனிக் பக்கத்தில் இருவரும் தங்கிய வீட்டில் முதல்முதலாகப் படுக்கை விரிப்புகளைத் துவைக்க உட்கார்ந்தவள், சமையலறை முழுக்கத் தண்ணீர்க்காடாக்கி, தானும் தொப்பலாக நனைந்து நின்றிருக்கிறாள். லாரன்ஸ்தான் வந்து காப்பாற்றித் துவட்டிவிட்டார். தன் நினைவுக் குறிப்புப் புத்தகத்தில் அவளே எழுதியிருக்கிறாள். சமைப்பது, தரை தேய்ப்பதெல்லாம் பெரும்பாலும் அவர்தான். (உங்கப்பா இதைப் படிக்கவேண்டாம்.)

இனி பிள்ளைகள் விஷயம். அவர்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனாள் என்றா நினைக்கிறாய்? தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நம்பினாள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேறொருவனோடு போன மனைவிக்குப் பிள்ளைகளைக் கொடுக்கிற வழக்கம் இல்லை. லண்டனுக்கு வந்து, பள்ளிக்கூடம் போகிற வழியில் காத்து நின்றாள். "அம்மா வந்துட்டியா, எப்ப வீட்டுக்கு வருவே?" என்று பெண்கள் குதித்துக்கொண்டு சுற்றி வந்தன. அடுத்த முறை, அம்மாவோடு பேசக்கூடாது என்று பெண்களிடம் வீட்டில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேயைப் பார்ப்பது மாதிரி வெளிறிப்போய்ப் பார்த்தன. அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அவள் அழும்போதெல்லாம் லாரன்ஸுக்கு எரிச்சல் வரும். அவர் மேல் எனக்குத் தீராத கோபம் அதில்தான். தன் அம்மாவைப் பற்றி 'சன்ஸ் அண்ட் லவர்ஸ்' நாவலை எழுதி முடித்ததே அப்போதுதான்! அந்தக் கையெழுத்துப் பிரதிதான் பின்னால், 1924இல், நியூ மெக்ஸிகோவில் பிரீடாவுக்கு 160 ஏக்கர் பண்ணையாக மாறியது. மேபல் டாட்ஜ் லூஹன் என்ற பணக்கார அமெரிக்கச் சீமாட்டி பண்ணையைக் கொடுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டாள்.

நடுவில் உலகப்போர். ஜெர்மன்காரி, அதிலும் ஜெர்மனியின் பேர்பெற்ற போர் விமானி ரிக்தோஃபனுக்குத் தூரத்துச் சொந்தம். இங்கிலாந்தின் கடலோரக் கார்ன்வாலில் இருந்த இருவரையும் உளவு சந்தேகத்தில் 1917இல் வெளியேற்றினார்கள்.

வளர்ந்த பிறகு பார்பரா தானாகவே அம்மாவைத் தேடி இத்தாலிக்குப் போனாள். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வீக்லி மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. அந்த மனுஷரை நினைத்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது.

அவள் செய்ததை நான் செய்திருப்பேனா என்று கேட்டால், மாட்டேன். ஆனாலும் 'திமிர்' என்ற சொல்லை மட்டும் நீ திரும்ப வாங்கிக்கொள். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, மீட்டிங் இல்லாத நேரமாகப் பார்த்து.

அன்புடன்,
அம்மா