தேயிலையா, கேரட்டா?

ஐயா,

அரை ஏக்கர் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போடலாமென்று என் அண்ணன் விதை, எரு, கூலி எனக் குறித்துவைத்த கணக்கில் ஒரு வரி விடுபட்டிருந்தது: கைவிடப்போகும் பச்சைத் தேயிலையின் வருமானம். இதைத்தான் பொருளியலார் வாய்ப்புச் செலவு என்கின்றனர்.

கேரட் மூன்று, நான்கு மாதங்களில் கைக்கு வரும். பிடுங்கிய தேயிலையை மீண்டும் நட்டாலோ இலை பறிக்கச் சில ஆண்டுகள் ஆகும். மேலும், காய்கறிக்கு ஏற்ற பள்ளத்து நிலத்தை முதலில் மாற்றுகையில் இழப்பு குறைவு. செங்குத்துச் சரிவுக்குப் போகப்போக ஒவ்வொரு மூட்டை கேரட்டுக்கும் கூடுதல் தேயிலையை விட்டுக்கொடுக்க நேரும், மழையில் மண்ணும் கரைந்தோடும். இருக்கும் நிலத்தில் இரு பொருள்களை அதிகபட்சம் எந்தெந்த அளவில் சேர்த்து விளைவிக்கலாம் என்று காட்டும் கோடான உற்பத்தி வாய்ப்பு வளைகோடு வெளிநோக்கி வளைந்திருப்பதன் காரணம் இதுவே. (பள்ளியில் மனப்பாடம் செய்தேன், புரிந்தது தோட்டத்தில்தான்.)

தங்கள் வேளாண் பக்கத்தில் விலைப் பட்டியலோடு இத்தகைய கணக்கையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர், கோத்தகிரி