பிரஷர் பாக்க வர்ற அக்கா காதையும் பாக்கட்டுமே: சுகாதாரத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்த நடத்துற தமிழ்நாடு சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்ட்ல நீங்க ஆரம்பிச்ச இந்த திட்டத்துல எங்க தெருவுக்கும் தன்னார்வலர் அக்கா வர்றாங்க, பிரஷர் பாக்குறாங்க, சுகர் பாக்குறாங்க, மாத்திர குடுத்துட்டு போறாங்க. நல்ல வேல, அத குறை சொல்ல வரல. ஆனா அந்த மாத்திர ஹார்ட்டுக்கும் கிட்னிக்கும் மட்டும் இல்ல, மூளைக்கும் சேத்துதான்னு யாரும் சொல்றதில்ல. சொன்னா, உடம்பு நல்லாத்தான இருக்குன்னு பாதில நிறுத்துறவங்க கொஞ்சம் யோசிப்பாங்க.

மறதி நோய்னா, அதாவது டிமென்ஷியான்னா, நம்ம ஊர்ல ரெண்டே பதில். வயசானா அப்படித்தான், இல்லன்னா அது அவங்க பரம்பரைல ஓடுது. ரெண்டாவதுல கொஞ்சம் உண்மையும் இருக்கறதாலதான் சிக்கலே. ஏபிஓஇ4னு ஒரு ஜீன், அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டேர்ந்து வந்தா அல்சைமர் (மறதி நோய்லயே அதிகமா வர்ற வகை) வாய்ப்பு ரெண்டு மூணு மடங்கு, ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தா அதுக்கும் மேல (பெரும்பாலும் வெள்ளக்காரங்கள வச்சு போட்ட கணக்கு இது). ஆனா அது இருந்தும் கடைசிவரைக்கும் தெளிவா இருந்தவங்க உண்டு, இல்லாமலே நோய் வந்தவங்களும் உண்டு. கொலம்பியாவுல சில குடும்பங்கள்ல நாப்பதுகள்லயே தலைமுறை தலைமுறையா வருதே, அது பிஎஸ்இஎன்1னு வேற ஜீன், ரொம்ப அபூர்வம். இதுக்கு நடுவுல எச்சில் அனுப்புங்க, தலையெழுத்த சொல்றோம்னு ஜீன் டெஸ்ட் விளம்பரம் வேற.

2024ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட நிபுணர் குழு (லான்செட் கமிஷன்) சொன்னது என்னன்னா, 14 விஷயத்த சரி பண்ணா உலகத்துல 45 சதவீதம் டிமென்ஷியாவ தடுக்கலாம் இல்ல தள்ளிப்போடலாம். பிரஷர், சுகர், கெட்ட கொலஸ்ட்ரால், சிகரெட், படிப்பு கெடைக்காதது, தனிமை, கண் பார்வை இப்படி போகுது. குடியும் இருக்கு, கேட்டா அது வேற துறைம்பீங்க, விடுங்க.

நான் கேக்க வந்தது காது. அந்த லிஸ்ட்ல கொலஸ்ட்ராலோட சேந்து மொத எடத்துல இருக்கறது காது கேக்காம போறதுதான். எங்க பெரியப்பாவுக்கு காது மந்தமானதும் கல்யாணத்துக்கு போறத விட்டாரு, அப்புறம் டீக்கடைக்கு போறத விட்டாரு, கடைசில வீட்லயே யார்கிட்டயும் பேசறதில்ல, நாங்களும் வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம். 2023ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு, காது மிஷின் குடுத்து 3 வருஷம் பாத்தாங்க, மொத்தமா பாத்தா பலன் தெரியல, ஆனா ஏற்கனவே ரிஸ்க் அதிகமா இருந்தவங்களுக்கு மூளைத்திறன் கொறையுற வேகம் கிட்டத்தட்ட பாதியாச்சு. அந்த மாதிரி ரிஸ்க் உள்ளவங்கதான், பிரஷரும் சுகரும் சேந்தவங்க, உங்க நோட்டுல ஏற்கனவே பேரோட இருக்காங்க.

இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும்னு கணக்கு, அதுல பொம்பளைங்களும் கிராமத்துக்காரங்களும்தான் ஜாஸ்தி. ஆஸ்பத்திரிக்கு தானா வராதவங்களும் இவங்கதான், வாசல் வரைக்கும் வர்றது உங்க அக்காங்க மட்டும்தான்.

அதனால அந்த அக்காங்க எழுதுற ஃபார்ம்ல காது பத்தி ஒரு கேள்வி சேருங்க, அதுவும் 60 வரைக்கும் காத்திருக்காம 40லயே. மந்தம்னு தெரிஞ்சா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி டெஸ்ட் எடுத்து மிஷின் குடுங்க. குடுத்ததோட விட்டா அது இரையுதுன்னு கழட்டி பீரோவுல வச்சிடுவாங்க, பேட்டரி தீந்தா மாத்தவும் ஆள் இருக்காது, அதனால மறுமாசம் மாத்திரயோட வர்றப்ப மிஷின் மாட்டியிருக்காங்களான்னும் பாக்க சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க திட்டத்துல மாத்திர வாங்குற ஒரு வீட்டுக்காரன்