கிரகணத்துக்கும் மச்சத்துக்கும் சம்பந்தமில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரகணம் வந்தாலே பத்திரிகைகளில் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது, உடம்பைச் சொறியக்கூடாது, மீறினால் பிள்ளைக்கு மச்சம் விழும் என்று. தயவுசெய்து அதை இனிமேல் போடாதீர்கள்.

2023 அக்டோபர் 28 ராத்திரி சந்திர கிரகணம் பிடித்தபோது என் மருமகளுக்கு ஆறாம் மாதம். பால்கனியில் காய்ந்த துணியை எடுக்க ஒரு நிமிஷம் வெளியே போனாள், நான் பார்த்தேன். பிப்ரவரியில் பேத்தி பிறந்தாள், முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டு வாரம் கழித்து வலது கண்ணின் மேல் இமையில் கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்பு. அது குன்றிமணி அளவாகி, இரண்டு மாதத்தில் இலந்தைப்பழம் மாதிரி புடைத்துக்கொண்டது. பார்க்க வந்த அத்தனை பேரும் ‘கிரகணத்தில் என்ன பண்ணினாய்’ என்றுதான் கேட்டார்கள், அல்சூரில் எங்கள் எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா உட்பட. முதலில் கேட்டது நான்தான். அவள் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் குழந்தையை வெளியே தூக்கிப்போனால் துப்பட்டாவால் முகத்தை மூடித்தான் தூக்கிப்போவாள். பிறந்தபிறகு தெரிந்த ஒன்றுக்கு நாலு மாதத்துக்கு முந்தைய ஒரு ராத்திரியைக் குற்றம் சொன்னோம், அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

சுண்ணாம்பு வை என்றார் ஒருவர், நல்லவேளை வைக்கவில்லை. பக்கத்து கிளினிக் டாக்டர், தானாகப் போய்விடும் என்றார். அது பாதிதான் உண்மை. இது ஹெமாஞ்சியோமா, ரத்தக்குழாய்கள் பெருகி உண்டாகிற கட்டி. முதல் சில மாதங்களில் மளமளவென்று வளர்ந்து, அப்புறம் வருஷக்கணக்கில் மெதுவாகச் சுருங்கும். சின்னதாக முதுகிலோ தொடையிலோ இருந்தால் பெரும்பாலும் காத்திருக்கலாம். இமையில் இருந்தால் காத்திருக்கக்கூடாது, ஏனென்றால் இமை தொங்கிக் கண்ணை மறைத்தால் மூளை அந்தக் கண்ணால் பார்க்கப் பழகாமலே போய்விடும், பிற்பாடு கட்டி மறைந்தாலும் பார்வை முழுசாகத் திரும்பாமல் போகலாம். நாங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது குழந்தைக்கு மூன்று மாதம். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டார்கள், யாரிடமும் பதில் இல்லை.

கொடுத்த மருந்து ப்ரோப்ரனலால், பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பழைய மருந்துதான். பிரான்ஸில் இதயக் கோளாறுக்காக இதைக் கொடுத்த குழந்தையின் கட்டி சுருங்கியதைக் கவனித்து 2008-ல் டாக்டர்கள் வெளியே சொன்னார்கள். இதயத்துடிப்பைப் பரிசோதித்து ஆஸ்பத்திரியிலேயே முதல் வேளை கொடுத்தார்கள். வீட்டில் வயிறு நிறையப் பால் குடித்த பிறகுதான் கொடுக்கவேண்டும், பால் குடிக்காத வேளையில் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். ஊசியில்லாத சிரிஞ்சைக் கன்னத்துக்குள் ஓரமாக வைத்துச் சொட்டுச்சொட்டாக விடுவது என் வேலை. இரண்டு வாரத்தில் அந்த ரத்தச் சிவப்பு மங்கி, தொட்டால் மெத்தென்று ஆகிவிட்டது. இன்றைக்கு அந்த இடத்தில் தோல் லேசாகத் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கண்ணாலும் நன்றாகப் பார்க்கிறாள்.

எல்லாவற்றுக்கும் பயப்படவும் வேண்டாம். நம் குழந்தைகளுக்கு இடுப்பிலும் பின்புறத்திலும் இருக்கிற நீலத் திட்டு, நிறமி செல்கள் தோலின் அடியில் தங்கிவிடுவதால் தெரிவது. பள்ளிக்கூடம் போகிற வயசுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் நெற்றியிலோ கண்ணைச் சுற்றியோ பிறக்கும்போதே கருஞ்சிவப்பாகப் படர்ந்திருந்தால், அல்லது பால்காபி நிறத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் 6 திட்டாவது இருந்தால், டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

அடுத்த கிரகணத்துக்கு, அந்தப் பட்டியல் போடுகிற அதே இடத்தில் ஒரு தோல் டாக்டரை எழுதச் சொல்லி இதைப் போடுங்கள். என்னைப் போன்ற மாமியார்கள் படிக்கிற இடம் அதுதான்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
அல்சூர், பெங்களூரு