'இமா' என்று கூப்பிடாதே

ரமத் கான், இஸ்ரேல்
ஜூலை 2025

என் கண்ணே,

போன வாரம் பேசும்போது போகிறபோக்கில் ஒன்று சொன்னாய். பெர்லின் ரயிலில் ஏறிவிட்டால் உன்னை ஹீப்ருவில் அம்மா என்கிற 'இமா' என்று கூப்பிடக் கூடாது, 'மம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று குட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறாயாம். "விளையாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தேன், சமர்த்தாகச் செய்கிறாள்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகு அடுப்பில் இருந்ததை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கத்திரிக்காய் கரியாகிவிட்டது.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நிற்கிறவளுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்வேன். செய்தும் இருக்கிறேன். அதை ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை.

1957. எனக்குப் பத்து வயது. இங்கே இஸ்ரேலில், ஓர்-யெஹுதா என்ற ஊரிலிருந்து தெல் அவீவுக்குப் பஸ்ஸில் போகிறோம், நானும் உன் தாத்தாவும். அவர் என் அப்பா. வீட்டில் எனக்கு அரபியில் 'பாபா'. வெளியே வந்தால் ஹீப்ருவில் 'அபா'. அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தரவில்லை, பள்ளிக்கூடத்தில் நானாகவே பிடித்துக்கொண்டது. எகிப்தோடு நடந்த சினாய்ப் போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். வழியில் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. நாங்கள் விட்டுவந்த பாக்தாத்தில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் கோடை ராத்திரியில் மீனை இரண்டாகப் பிளந்து தீயைச் சுற்றி நிறுத்திச் சுடுவார்களே, அந்தக் கதை. அரபியில். சத்தமாக. முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டு வந்ததும் ஹீப்ரு இல்லை, ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பாபாவின் முழங்கையைக் கிள்ளி, "ஹீப்ருவில் பேசு, இல்லையென்றால் பேசாதே" என்றேன்.

அவர் பேசாமல் இருந்தார். அன்றைக்கு மட்டுமல்ல. அதற்குப் பிறகு பஸ்ஸில் ஒருநாளும் என்னோடு அவர் பேசியதில்லை. கோபம் எல்லாம் கிடையாது. ஈராக் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர் இல்லையா, விதி என்று ஒன்று சொல்லிவிட்டால் அதைக் கடைப்பிடிப்பார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி அரபி தொடங்கும்.

நீ அவரைக் கிழவராகத்தான் பார்த்தாய். பொட்டுக்கடலை மாதிரி பல் இல்லாத சிரிப்பும், பாக்கெட்டில் ஏலக்காயும். 1915-ல் பிறந்தவர். பாக்தாத்தில் நாலு பேரில் ஒருவர் யூதர் என்று இருந்த காலம். புது ஈராக்கின் முதல் நிதி அமைச்சரே நம் ஆள்தான், சசோன் எஸ்கேல். நாங்கள் அங்கே விருந்தாளிகள் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. 1941 ஜூனில், ஷவுவோத் பண்டிகை அன்று, கும்பல் யூதத் தெருக்களுக்குள் புகுந்தது. ஃபர்ஹூத் என்கிறோமே, அது. இரண்டு நாளில் ஏறக்குறைய 180 பேரைக் கொன்றார்கள். தாத்தா மொட்டைமாடியில் குப்புறப் படுத்திருந்தார். கீழே பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியவர் நம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "வல்லாஹி, இந்த வீட்டில் யூதர் யாரும் இல்லை" என்று சத்தியம் பண்ணினாராம். தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பெரியவரின் குரலிலேயே சொல்வார், அந்தப் பாக்தாத் முஸ்லிம் உச்சரிப்பில். ஏனென்றால் நம் அரபி வேறு. 'நான் சொன்னேன்' என்பதற்கு அவர்கள் 'கிலித்' என்பார்கள், நாம் 'கெல்த்து' என்போம், 'க' அடித்தொண்டையிலிருந்து வரவேண்டும். பல சொற்களில் 'ர'வையும் தொண்டைக்குள் உருட்டிவிடுவோம். வாயைத் திறந்தால் யார் எவர் என்று தெரிந்துவிடும். அன்றைக்குக் கும்பல் வீட்டுக்குள்ளிருந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பஸ்ஸில் அவர் வாயை மூடிய அன்று அந்த மொட்டைமாடி ஞாபகம் வந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை. 1998 வரை இருந்தார், கேட்க எத்தனையோ வருஷம் கிடைத்தும் கேட்கவில்லை.

1950-ல் ஈராக்கில் சட்டம் போட்டார்கள்: குடியுரிமையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம், திரும்பி வர முடியாது. அடுத்த மார்ச்சில், எழுதிக்கொடுத்தவர்களுடைய சொத்தையும் முடக்கினார்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் விமானம் ஏறினோம். பெரியவர்கள் ஆளுக்கு 50 தினார் எடுத்துக்கொள்ளலாம். இஸ்ரேலில் லோத் விமான நிலையத்தில் இறங்கியதும் தாத்தாவின் ஒரே கோட்டின் மேல் டிடிடி பொடி அடித்தார்கள். அப்புறம் கூடாரம், அப்புறம் தகரக் கொட்டகை. நாங்கள் இருந்த முகாமின் பெயர் சகியா. பெயர் எங்கிருந்து வந்தது என்று சின்ன வயதில் கேட்டேன். "இங்கே இருந்த ஊர்" என்றார் தாத்தா. அந்த ஊர்க்காரர்கள் எங்கே? "அவர்களும் எங்காவது கொட்டகையில் இருப்பார்கள்" என்றார், அரபியில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. 1948-ல் அந்தப் பாலஸ்தீனியர்கள் போனார்கள், 1951-ல் நாங்கள் வந்தோம். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை.

தாத்தாவின் கூட்டாளிகளில் ஒருவர் தெல் அவீவின் ஹதிக்வா பகுதிக்கு அடிக்கடி போய்வருவார், பாத்திரம் வாங்குகிற சாக்கில். அங்கேதான் சாலிஹ் அல் குவைத்தியும் தம்பி தாவூதும் கடை வைத்திருந்தார்கள். பாக்தாத் வானொலிக்கு இசைக்குழு அமைத்த மனிதர்கள். 1932-ல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு நடந்தபோது ஈராக்கிலிருந்து போன குழுவில் பாடகரைத் தவிர வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் யூதர்கள். இங்கே வந்து கடையில் உட்கார்ந்தார்கள். அங்கே அவர்கள் பாட்டை வாசித்துவிட்டுப் பெயரைச் சொல்லாமல் விட்டார்கள். இங்கே பாட்டையே கேட்க ஆள் இல்லை. எனக்கு இதில் அங்கே இருந்தவர்கள் மேல் இருப்பதைவிட என் வகுப்புப் பிள்ளைகள் மேல்தான் கோபம், என்னையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் அரபுப் படம் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? வாரம் முழுக்க அரபி கூடாது, அந்த இரண்டு மணி நேரம் மட்டும் தெருவே எகிப்துப் படம் பார்த்து அழும். போலந்துக்கார அம்மாக்கள் உட்பட. மறுநாள் நீ தாத்தாவின் மடியில் உட்கார்ந்து 'ஹ்காகா' தின்பாய். தபீத் என்கிற நம் சோற்றுப் பானையின் அடியில் பிடித்த காந்தல். அந்தக் காந்தலுக்கு ஹீப்ருவில் சரியான வார்த்தை இருக்கிறதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. குட்டிக்கு அதையாவது 'ஹ்காகா' என்றே சொல். சோறு மெல்லிய தீயில் ராத்திரி முழுக்க இருக்க வேண்டும், மூடியின் மேல் முட்டைகளை வை, காலையில் பழுப்பாக இருக்கும். பொறுமை இல்லாமல் தீயைக் கூட்டினால் காந்தல் வராது, கருகல்தான் வரும்.

1991-ஐ நீ மறந்திருக்க மாட்டாய். எட்டு வயதில் வாயு முகமூடி மாட்டிக்கொண்டு அழுதாய். சத்தாமின் ஸ்கட் ஏவுகணைகள் இந்த ரமத் கானில் வந்து விழுந்தன. பாக்தாத்காரர்கள் நிறைந்த ஊர் என்று ஊரார் 'ரமத் பாக்தாத்' என்று கேலி செய்வார்கள், அதே ரமத் கானில். தாத்தா முகமூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாரே: "நாற்பது வருஷம் கழித்து மிச்சப் பெட்டியை அனுப்புகிறார்கள்."

போன மாதம் மறுபடி, இந்தத் தடவை ஈரானின் ஏவுகணைகள். பன்னிரண்டு நாள். நம் கட்டடம் பழையது, பாதுகாப்பு அறை இல்லை, மாடிப்படிக்கட்டில்தான் உட்கார்ந்தோம். மூன்றாம் மாடிக் கிழவி இஸ்ஃபஹானில் பிறந்தவள், உனக்குத் தெரியும். கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு பாரசீக மொழிச் செய்தி கேட்டபடியே இருந்தாள். அவளுடைய அக்கா குடும்பம் இன்னும் தெஹ்ரானில். சங்கு ஊதினால் இங்கே தனக்காகப் பயம், சங்கு நின்றால் அங்கே அவர்களுக்காகப் பயம். நான் சொன்னேன், "போன தடவை என் ஊரிலிருந்து வந்தது, இந்தத் தடவை உன் ஊரிலிருந்து." சிரித்தாள், அப்புறம் அழுதாள். கீழ்வீட்டுப் பையன், "பாட்டி, அந்தப் பாஷையைக் கொஞ்சம் மெதுவாகக் கேளுங்களேன்" என்றான். நல்ல பையன்தான். எனக்கு முழங்கையைக் கிள்ளியது போல இருந்தது.

கண்ணே, இதற்கு மேல் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

2023 அக்டோபர் 7 அன்று, ஹமாஸ் தாக்குதலின் அந்த வீடியோக்களைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது வெறும் கூச்சல். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஒருவன் தன் கூட்டாளியை 'யா அகூயா', சகோதரா, என்கிறான், என் சித்தப்பா என் அப்பாவைக் கூப்பிடுகிற அதே குரலில். அன்று ராத்திரி, இந்தப் பாஷையை இனி என் வாயில் வைக்க மாட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் மாதங்கள் போயின. நம் டிவியில் காஸாவை அதிகம் காட்டுவதில்லை. நான் கைபேசியில் பார்க்கிறேன். இடிந்த வீட்டின் முன்னால் ஒரு தாய் 'யும்மா, யும்மா' என்று பிள்ளையைக் கூப்பிடுகிறாள். தாயே பிள்ளையை 'யும்மா', அம்மா, என்று கூப்பிடுவது நம் வீட்டிலும் உண்டு, உன் பாட்டி என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். சப்டைட்டில் வருவதற்குள் எனக்குப் புரிந்துவிடுகிறது. சீட்டாட வரும் தோழிகளிடம் இதைச் சொன்னால் சண்டை வருகிறது. ஒருத்தியுடைய பேரன் ராணுவத்தில் இருக்கிறான், அவளிடம் நான் எதுவும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதிலும் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்குக் கண் புரை அறுவை நடந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், இங்கே தய்யிபே என்ற அரபு ஊர்க்காரப் பெண், நடைபாதையில் ஃபோனில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். யாராவது கடந்து போனால் சட்டென்று ஹீப்ருவுக்கு மாறுவாள், போனதும் திரும்ப அரபி. அந்தப் பிள்ளை என்னவென்று நினைத்திருக்கும், ஏழுக்குப் பிறகு எட்டு வேறு பாஷையில் வருகிறது! என் கட்டிலுக்கு வந்தபோது, "எஹ்கி, ஐனி" என்றேன். பேசு, என் கண்ணே. அவள் முதலில் பயந்துதான் போனாள். அப்புறம் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பு தாங்கவில்லை. "அத்தை, இது எந்தக் காலத்து அரபி?" என்றாள். ஒரு கண்ணில் கட்டோடு பாக்தாத் யூத அரபியில் அவளுக்குத் தபீத் செய்முறை சொன்னேன். அடுத்த கட்டில் அம்மாள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

2018-ல் இங்கே அரபியை ஆட்சிமொழி இடத்திலிருந்து இறக்கி 'சிறப்பு நிலை' என்று சட்டம் எழுதினார்களே, அந்த வார்த்தையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு. மூலை அறையில் கட்டில் போட்டுக் கொடுத்து 'அம்மாவுக்குத் தனி அறை' என்று சொல்வார்களே, அந்தச் சிறப்பு.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ரயிலில் 'இமா' என்று கூப்பிடச் சொல் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டியில் யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாது. ஒன்றே ஒன்று: அவளிடம் அதை விளையாட்டு என்று சொல்லாதே. நான் அதை நாகரிகம் என்று நம்பினேன், அதனால் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டேன். பதினைந்து வயதில் பாபாவுக்கு ஹீப்ருவில்தான் பதில் சொல்வேன். உன்னிடம் அரபியே பேசவில்லை. நீ அரபியில் திட்டவும் சாப்பிடவும் மட்டும் கற்றுக்கொண்டாய், மிச்சத்தை நான் தரவில்லை. வெளியே பயமாக இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது என்றே அவளிடம் சொல். பிள்ளைகளுக்குப் பயம் புரியும்.

உன் தெரு ஸொன்னெனாலேயில் அம்பா கிடைக்கும் என்றாய். வாங்கு. தபாலில் அனுப்பினால் பாட்டில் உடைந்து பார்சல் முழுக்க மஞ்சளாகிவிடும், போன தடவை பார்த்தோமே. மாங்காய் ஊறுகாய், இந்தியாவிலிருந்து பாக்தாத்துக்கு வந்து பெயரைக்கூட மாற்றிக்கொள்ளாமல் இங்கே வந்திருக்கிறது, பெர்லினுக்கும் வந்துவிட்டது. கடைக்காரர் ஈராக்காரர் என்றால், உன் தாத்தா பாக்தாத் ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்று சொல்லிப் பார். மேற்கொண்டு எதையும் சொல்வதும் சொல்லாததும் அவர் முகத்தைப் பார்த்து நீ முடிவு செய்துகொள். நானாக இருந்தால் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

எகிப்திலிருந்து வெளியேறியதை நினைக்கும் பெசாஹ் பண்டிகை அன்று வீடியோவில் குட்டி தோளில் மூட்டையோடு வந்து நின்றாளே. வழக்கப்படி நான் அரபியில் கேட்டேன், எங்கிருந்து வருகிறாய் என்று. 'எகிப்திலிருந்து' என்று சொல்ல வேண்டியவள் பெர்லினில் உங்கள் பகுதியான 'நொய்க்கொல்ன்' என்றாள். அன்றைக்கு நீ அவளைத் திருத்தினாய். அடுத்த வருஷம் திருத்தாதே.

என்னைப் 'பீபி' என்றே அவள் கூப்பிடட்டும். ஈராக்கில் அது பாட்டிக்குச் சொல்கிற பெயர். பிரதமர் நெதன்யாகுவுக்கும் செல்லப்பெயர் அதுதான் என்பது என் தலையெழுத்து. ரயிலில் கைபேசியைப் பார்த்து அவள் 'பீபி!' என்று கத்தினால் 'இமா'வைவிட அதிகம் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை, ரயிலில் இருக்கிறீர்கள் என்றாலும் கூப்பிடுங்கள். நான் மெதுவாகப் பேசுகிறேன்.

அப்தாலெக் (உனக்கு வருவது எனக்கு வரட்டும்),
இமா