ரத்தம் வேண்டாமாம், பிளவுஸ் தைக்கிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அக்டோபர் பிறந்தால் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு பற்றி நிறைய எழுதுகிறீர்கள். நல்லதுதான். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம். அதனால் நானே எழுதுகிறேன்.

இரணியல் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் இடது மார்பில் கட்டி. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ, ஆபரேஷன், அப்புறம் கரண்டு என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு. விடியும் முன்னே ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. வாயெல்லாம் புண்ணாகிக் கிடந்த நாட்களில் உள்ளே இறங்கியது ஆறின கஞ்சியும் மட்டிப் பழமும் மட்டும்தான். ரத்தம் குறைந்தபோது நான்கு பேர் வந்து கொடுத்தார்கள். மயினி மகன் வாட்ஸ்அப்பில் போட்டதைப் பார்த்து வந்த பிள்ளைகள். ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது.

ஐந்து வருடம் கழிந்ததும், அந்தக் கடனை அடைக்கலாம் என்று ஒரு ரத்ததான முகாமுக்குப் போனேன். படிவத்தில் எதையும் மறைக்கவில்லை. "கேன்சர் வந்தவங்ககிட்ட எடுக்க மாட்டோம்க்கா" என்று சொல்லி ஜூஸை மட்டும் கையில் தந்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். 18 வயதும் 45 கிலோ எடையும் தாண்டிய, நோய்நொடி இல்லாத பிள்ளைகள் என் பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

சரி, எனக்குத் தெரிந்தது தையல். ஒரு மார்பை எடுத்தவர்களுக்குப் பழைய பிளவுஸ் எதுவும் சரியாக நிற்காது. சிலிகானில் செய்து விற்கும் செயற்கை மார்பு விலை அதிகம், நம்மூர் வியர்வைக்கு அரிக்கவும் செய்யும். நான் பிளவுஸின் உள்பக்கம் மல் துணியில் ஒரு பை வைத்து, அதற்குள் பஞ்சுத் திண்டு போடுகிறேன். வெறும் பஞ்சு என்றால் மேலே ஏறிவிடும். முதலில் எனக்குத் தைத்தது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்ததும் தோள்பட்டைக்கு வந்துவிட்டது! இப்போது கனத்துக்காக அடியில் ஒரு பிடி தினையைச் சின்னப் பையில் கட்டி வைக்கிறேன். துவைக்கும்போது தனியே எடுத்துவிடலாம். அக்குளில் நிணநீர் முடிச்சு எடுத்தவர்களுக்குக் கை வீங்கலாம், அந்தப் பக்கம் ஒரு இஞ்சு கூடுதல் விடுவேன். கொக்கி முன்பக்கம்தான்.

கூலி வாங்குவதில்லை. அளவு கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் கதவைச் சாத்தியதும் அழுதுவிடுவார்கள். "எனக்கு எந்தப் பக்கம், சொல்லு பார்ப்போம்" என்று அவர்கள் முன்னால் நிமிர்ந்து நிற்பேன். சிலர் வலது என்பார்கள். அப்புறம் இரண்டு பேரும் சிரிப்போம்.

திண்டுக்கு உறை தைக்கப் பழைய வேட்டி, நைந்த காட்டன் சேலை வேண்டும். புதுத் துணி தழும்பில் உரசும். நீங்கள் சம்மதித்தால் வாசகர்கள் உங்கள் நாகர்கோவில் அலுவலகத்தில் கொடுக்கட்டும், மாதம் ஒருமுறை வந்து எடுத்துக்கொள்கிறேன். கஞ்சி போட்ட வேட்டியை மட்டும் நன்றாக அலசிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இரணியல், கன்னியாகுமரி மாவட்டம்