பிளஸ் டூ இயற்பியல் கைடில் காந்தவியல் கணக்குப் பிழைகள் – புகார்

அனுப்புநர்: இயற்பியல் டியூஷன் ஆசிரியர், திண்டுக்கல்.

பெறுநர்: நிர்வாகி அவர்கள், கைடு வெளியீட்டுப் பிரிவு.

ஐயா,

என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்காக உங்கள் பிளஸ் டூ இயற்பியல் கைடை மொத்தமாக வாங்கினேன். அட்டையில் ‘முழுமையாகத் திருத்தப்பட்ட பதிப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். காந்தவியல் பாடத்தில் தீர்த்துக் காட்டிய கணக்குகளைத் திருத்தியவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக உள்ள இடத்தில் ஒரு புரோட்டான் விலகாமல் நேராகப் போக என்ன வேகம் வேண்டும் என்பது ஒரு கணக்கு. மின்புலம் மீட்டருக்கு 6×10⁴ வோல்ட், காந்தப்புலம் 0.02 டெஸ்லா. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வினாடிக்கு 3×10⁶ மீட்டர். கைடில் பெருக்கி 1200 என்று போட்டிருக்கிறது. கடைசிப் பக்க விடைப்பட்டியலிலோ 3×10⁶ என்று சரியாகவே இருக்கிறது!

அதையாவது அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம். கீழே கட்டம் கட்டி ஒரு குறிப்பு வேறு: ‘புரோட்டானுக்குப் பதில் எலக்ட்ரான் என்றால் அதே வேகத்தில் விலகிவிடும்.’ எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம் என்பதால் மின்விசை திசை மாறும், வாஸ்தவம். காந்த விசையும் கூடவே திசை மாறுகிறதே? இரண்டும் மறுபடி சமன்தான். சமன்பாட்டின் இரு பக்கமும் மின்னூட்டம் அடிபட்டுப் போகிறது. நிறைக்கு அங்கே வேலையே இல்லை. நீட்டில் இதைத்தான் மடக்கிக் கேட்பார்கள். சரியாகப் போட்டிருந்த ஒரு மாணவி, கைடைப் பார்த்துவிட்டுத் தன் விடையை அடித்து வைத்திருந்தாள். என் கோபம் அதற்குத்தான்.

அடுத்த பக்கத்தில், 10 காஸ் (அதாவது 0.001 டெஸ்லா) காந்தப்புலத்தில் வினாடிக்கு 10⁷ மீட்டர் வேகத்தில் செங்குத்தாக நுழையும் எலக்ட்ரான். வட்டப்பாதையின் ஆரம் 5.7 செ.மீ. வர வேண்டும். காஸை டெஸ்லாவாக மாற்றாமல் 10 என்றே போட்டு 5.7 மைக்ரோமீட்டர் ஆக்கியிருக்கிறீர்கள். 10 டெஸ்லாவா? ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. மெஷினே பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான். காந்த விசை எலக்ட்ரானின் இயக்க ஆற்றலைக் கூட்டும் என்ற வாக்கியத்துக்கு ‘சரி’ என்று விடை கொடுத்திருப்பதையும் பாருங்கள். திசைவேகத்துக்கு எப்போதும் செங்குத்தாக இருக்கும் விசை எப்படி வேலை செய்து ஆற்றலைக் கூட்டும்?

உங்கள் அலுவலகத்துக்கு போன் செய்தால், ‘அடுத்த எடிஷன்ல பாத்துக்கலாம் சார்’ என்கிறார்கள். அதற்குள் இந்தப் பிள்ளைகள் பரீட்சையே எழுதி முடித்துவிடுவார்கள். பொதுத்தேர்வில் கணக்கின் படிகளுக்கும் மார்க் உண்டு. நீட்டில் தப்பான விடைக்கு ஒரு மார்க் கழியும்.

பிழைதிருத்தத் தாள் அச்சடித்து, 15 நாளுக்குள் கைடு விற்ற கடைகளுக்கெல்லாம் அனுப்புங்கள். புத்தகம் வேண்டாம் என்பவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பில் நகலும், பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்த பக்கங்களின் ஜெராக்ஸும் இணைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
இயற்பியல் டியூஷன் ஆசிரியர்