மருந்து கவுண்டர் அக்காவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டான். வலிப்பு நின்றிருக்கிறது, வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறான். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதுகிறோம்.

முதல் நன்றி, ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த அக்காவுக்கு. பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்க, மாத்திரை அட்டையை நீட்டும்போதே, "முழுங்குவானா, பொடிச்சா குடுக்கீங்க?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கு.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் பலருக்கு மாத்திரை முழுங்க வராது. பொடித்துச் சோற்றில் பிசைந்துவிடுவோம். வலிப்புக்குக் கொடுக்கிற, மெல்லக் கரையும் வால்புரோயேட் மாத்திரையை அப்படிப் பொடித்தால், மணிக்கணக்கில் இறங்கவேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். முதலில் தூங்கி விழுவான், வாந்தி எடுப்பான்; அடுத்த வேளைக்குள் உடம்பில் மருந்தின் அளவு குறைந்து வலிப்பு வரலாம். வேளை தவறாமல் கொடுத்த அம்மாதான் அதற்கும் பேச்சு வாங்குவாள்.

அக்கா டாக்டரிடம் பேசிச் சிரப்பாக மாற்றித் தந்தார். 5 மில்லியில் 200 மில்லிகிராம். டாக்டர் எழுதிய 300-க்கு 7.5 மில்லி. வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அதனால் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சில் 7.5-க்கு நேரே மார்க்கரால் கோடு போட்டார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தக் கோடு போதும். நிமிர்ந்து உட்காரவைத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், நேரே தொண்டைக்குப் பீய்ச்சினால் புரையேறும் என்று செய்துகாட்டி, அம்மா கையாலும் ஒருமுறை தண்ணீரை அளக்கவைத்துப் பார்த்தபிறகே அனுப்பினார். சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. புரிந்ததா என்று பார்த்து அனுப்பியவரை இப்போதுதான் கண்டோம். நீங்கள் நல்லா இருக்கணும் அக்கா.

108-இல் வந்த தம்பிகள், ராத்திரி கதவைத் தட்டியதும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார், ஓ.பி. வரிசையில் வழிவிட்டவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை வைத்து, இப்படிப்பட்ட பிள்ளைகளின் மருத்துவச் செலவுக்கான நிராமயா காப்பீட்டுக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்த சிறப்புப் பள்ளி டீச்சர், எல்லோருக்கும் நன்றி. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிற அந்தக் காப்பீடு எங்களில் பலருக்குத் தெரியாமலே கிடந்தது.

இனி எந்த மாத்திரை வாங்கினாலும் "பொடிக்கலாமா?" என்று கேட்காமல் கவுண்டரை விட்டு நகரமாட்டோம். எங்கள் பெற்றோர் கூட்டத்துக்கு அடுத்தமுறை வருகிறவர்கள் மருந்துப் பாட்டிலோடு, வீட்டில் ஊற்றிக்கொடுக்கிற கரண்டியையும் எடுத்து வாருங்கள். சிரிஞ்சு நாங்கள் வாங்கி வைக்கிறோம்.